தானே பூசிக்கொள்ளும் சுவர்

கொத்தனாரின் மனைவி கழுத்தை வலப்பக்கம் திருப்பி மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவளால் முடியாது. காலை நகர்த்தி, இடுப்பைத் திருப்பி, தோளையும் கூடவே கொண்டுவந்து, ஒரு பீரோவை இடம் மாற்றுவது மாதிரி முழுசாகத் திரும்புவாள். தெருவைக் கடக்கும்போது இரண்டு தரம் அப்படிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். விஷயம் தெரியாதவர்கள், இந்த அம்மாளுக்கு இவ்வளவு தலைக்கனமா என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இடது தாடையில் தொடங்கிக் கழுத்து வழியாகக் காறை எலும்பு வரைக்கும் தழும்பு இறங்கியிருந்தது. சில இடங்களில் சிவப்பு, சில இடங்களில் வெளிறல். நடுவில் கயிறு முறுக்கினாற்போல ஒரு புடைப்பு. அந்தக் கயிறுதான் தலையை இடப்பக்கமாக இழுத்துக் கட்டிப் போட்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பெரிய ரோலரில் அவளுக்கு வேலை. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாக இரண்டு பெண்கள் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, கொதிக்கும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுமுனையில் எப்போதும் நெட்டைதான் நிற்பாள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு என்பதால் அந்தப் பெயர். பதினாலு வருடம் இருவரும் ஒரே விரிப்பின் இரண்டு முனைகளில் நின்று உலகத்துக் கதை அத்தனையும் பேசித் தீர்த்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் நீராவிக் குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. அவள் கீழே விழுந்த விரிப்பை எடுக்கக் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது ஆவி நேராகக் கழுத்தில் அடித்தது.

பதினோரு வாரம் படுக்கை. அதில் கட்டு மாற்றும் நாட்களைப் பற்றிக் கொத்தனார் யாரிடமும் பேசியதில்லை. அந்த வார்டில் ஆள் போதாது. "நீங்களே தோளை அமுக்கிப் பிடிச்சுக்குங்க" என்று நர்ஸ் சொன்னாள். அவர் பிடித்தார். முப்பது வருடம் கல்லும் கலவையும் தூக்கிய கை. அந்தக் கைக்குக் கீழே அவள் துள்ளினாள், அலறினாள், அவரைப் பேர் சொல்லிக்கூட ஏசினாள். அவர் பிடியை விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் எல்லாம் செய்தார். சோறு வடித்தார், துணி துவைத்தார், தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டார். ஆனால் அந்த இடப்பக்கக் கழுத்தில் மட்டும் அவர் விரல் ஒருநாளும் பட்டதில்லை. பின்னும்போதும் பின்னலை வலது தோளில்தான் போடுவார்.

அவள் வேலைக்குத் திரும்பியபோது ரோலர் பக்கம் சேர்க்கவில்லை. ஓடுகிற ரோலரை அவசரத்தில் நிறுத்துகிற கயிறு வலது தோளுக்குப் பின்னால் தொங்கும். திரும்பிப் பார்க்க முடியாதவளை அங்கே நிறுத்த முடியாது, டாக்டர் சீட்டு வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கீழ்த்தளத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற அறையைக் கொடுத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. பேச ஆள் கிடையாது. மேலே ரோலர் ஓடுகிற சத்தம் மட்டும் கூரை வழியாகக் கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம், சாப்பிட உட்கார்ந்த வேளையில் அவள் பேச்சை எடுத்தாள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டே அறை உள்ள வீடு. கொத்தனார், அவள், கொத்தனாரின் அக்கா. தம்பி பெண்டாட்டிக்கு ஒத்தாசையாக ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த அக்கா, மூன்று வருடமாக அந்த ஒரு மாதத்தை முடிக்கவில்லை.

"இன்னைக்குத் தோல் டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க."

"என்னவாம்?"

"தழும்புல ஊசியால குத்துவாங்களாம். சின்னச் சின்னதா, நெருக்கமா. அப்படிக் குத்திவிட்டா தோல் இளகுமாம். கழுத்து திரும்பினாலும் திரும்பும், நிச்சயம் சொல்ல முடியாதுன்னாங்க."

கொத்தனாரின் கை தட்டில் நின்றது. அக்காதான் முந்திக்கொண்டாள்.

"அட, அதுவா! நம்ம தையல்கடைக்காரி பண்ணிக்கிட்டாளே! மூஞ்சி பளபளன்னு ஆகணும்னு போயி, ரெண்டு நாள் தக்காளி மாதிரி வந்து நின்னா. ஏம்மா, அம்பது வயசைத் தொடப்போற, இப்பப் போயி யாருக்கு மினுக்கிக் காட்டப்போற?"

"மினுக்கப் போகலை அண்ணி. திரும்பப் போறேன்."

"வேண்டாம்," என்றார் கொத்தனார்.

"ஏங்க, கேளுங்க..."

"வேண்டாம்னா வேண்டாம். ஆறின புண்ணை மறுபடி எவனாவது கிளறுவானா? பட்டதெல்லாம் பத்தாதா?"

"பட்டது நான்தானே?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுகிற மனுஷன் இல்லை அவர். அக்காவுக்கே திக்கென்றது. குழாயடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. கொத்தனாரும் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

முடியவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அவளுக்கு ஒரு விடுமுறை நாள். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டதால் சாரத்தில் ஏற முடியாமல் அவர் வீட்டில் இருந்தார். மழை விட்டு வெளிச்சம் வந்ததும் அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க வாங்க. கையைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா."

அவர் கையைப் பிடித்து அவளே தன் கழுத்தில் வைத்தாள். இடப்பக்கம். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"சுவத்தைத் தடவிப் பாப்பீங்கல்ல, அந்த மாதிரி பாருங்க."

சுவரைத் தடவிப் பார்ப்பதில் அவரைப் போல அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ரசமட்டம் சரி என்று சொல்கிற சுவரில், உள்ளங்கையை ஒரு தரம் ஓட்டிவிட்டு, "இங்க ஒரு நூல் தூக்கியிருக்கு" என்பார். கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். இப்போதும் கண் தானாக மூடிக்கொண்டது. விரல் மெதுவாக இறங்கியது. இறுகிய தோல். அதன் கீழே இன்னும் இறுக்கம். கயிறு. பிறகு காதுக்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம். அழுத்தினால் உள்ளே போயிற்று. எடுத்தால் மேலே வந்தது.

கண்ணைத் திறந்தார்.

"இது என்ன?"

"டாக்டரம்மா சும்மா ஒரு இடத்துல மட்டும் குத்திப் பாத்தாங்க. ஒண்ணரை மாசம் ஆச்சு."

"எங்கிட்ட சொல்லாமலா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னைப் பாக்காதடா. நான் துணைக்குத்தான் போனேன்."

கொத்தனாருக்குக் கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் விரல் மறுபடியும் அந்த இடத்துக்கே போயிற்று. இறுக்கம், இறுக்கம், பிறகு இளக்கம். சுற்றிலும் தடவிவிட்டு மறுபடி அங்கேயே வந்தது.

"உள்ள எதையாவது வெச்சாங்களா? மருந்து, கிருந்து?"

"இல்லை."

"வேற இடத்துத் தோலை எடுத்துத் தைச்சாங்களா?"

"ஒண்ணுமில்லைங்க. குத்தினாங்க, துடைச்சாங்க, வீட்டுக்குப் போன்னாங்க."

கொத்தனாரின் கை அங்கேயே இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ கத்தக் கத்த உன்னை அமுக்கிப் பிடிச்சவன் நான். இன்னொரு தடவை உன்மேல ஒருத்தர் ஊசி எடுத்துட்டு வர்றதை என்னால பாக்க முடியாதுன்னுதான்..."

"அப்ப நீங்க பிடிக்காம விட்டிருந்தா நான் கட்டில்லேர்ந்து குதிச்சு ஓடியிருப்பேன். எங்க போயிருப்பேனோ தெரியாது." அவள் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். "இந்தத் தடவை யாரும் பிடிக்க வேண்டாம். கூட வந்து நின்னாப் போதும்."

முழுக் கழுத்துக்கும் குத்துகிற நாளில் மூவரும் போனார்கள். வரமாட்டேன் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் ஆளாகச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

காத்திருக்கும் அறையில் ஆறேழு பேர் முகம் நிறைய வெள்ளைக் களிம்பைப் பூசி, மேலே கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தோல் மரத்துப்போவதற்கான களிம்பாம். முகம் மரத்துவிட்டதால் யாரும் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பரு வந்து குழி விழுந்த கன்னத்தோடு ஓர் ஆள் மூலையில் பத்திரிகையைப் பிரித்துத் தலையை உள்ளே விட்டிருந்தார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பதை அக்கா கண்டுபிடித்துத் தம்பியின் விலாவில் இடித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் அக்கா மெதுவாக விசாரித்தாள். "ஏம்மா, உனக்கு எதுக்கு? நல்லாத்தானே இருக்க?"

"சுருக்கம் விழுது ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண், களிம்பு கலையாமல்.

"சுருக்கமா? இதுக்குப் பேர் சுருக்கம்னா, எனக்கு இருக்கறதுக்குப் பேர் என்ன?" அக்கா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, யாரும் கேட்காதபோது, தம்பியின் காதில் கேட்டாள். "ஏன்டா, நெத்திக்கு மட்டும் பண்ணுவாங்களா?"

உள்ளே அறை சின்னது. உயரமான கட்டில், மேலே வட்ட விளக்கு, சுவரோரம் கை கழுவும் தொட்டி. டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கொத்தனாரைப் பார்த்ததும் முகமூடியும் தலைக்கு ஒரு உறையும் கொடுத்து, ஸ்டூலைக் காட்டினார். "தலைசுத்தற மாதிரி இருந்தா உடனே சொல்லிடுங்க."

"நாலு மாடி உயரத்துல ஒத்தைப் பலகையில நிக்கறவன் நான்."

"அதனாலதான் சொல்றேன். கனமானவங்க விழுந்தாத் தூக்கறது கஷ்டம்."

களிம்பைத் துடைத்து எடுத்தார்கள். மருந்துத் தண்ணீரால் இரண்டு தரம் துடைத்தார்கள். டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கருவியைக் கையில் எடுத்தார். நுனியில் பன்னிரண்டு ஊசி, ஒவ்வொன்றும் மயிரிழை. பொத்தானை அழுத்தியதும் தையல் மெஷின் தூரத்தில் ஓடுவது மாதிரி ஒரு சத்தம். இடது கை விரல்களால் தழும்பை விரித்துப் பிடித்து, வலது கையால் கருவியை நேராக நிறுத்தி ஓட்டினார். மேலிருந்து கீழ். பிறகு குறுக்கே. பிறகு சாய்வாக.

கொத்தனார் தன் மனைவியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துள்ளவில்லை, அலறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸில் தூங்குகிறவள் மாதிரி இருந்தாள்.

"வலிக்குதா?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீங்க மூச்சை விடுங்க, சத்தமே காணோம்."

அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தார். மூன்று வருடமாகச் செத்துக் கிடந்த அந்தத் தோலில், கருவி போன வழியெல்லாம் சிவப்பாகப் புள்ளி எழுந்துகொண்டிருந்தது. ஒன்று, பத்து, நூறு. கடுகை விடச் சின்னது. ஒவ்வொன்றும் உருண்டையாக, தனித்தனியாக, வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு நின்றது. அந்தக் காய்ந்த இடத்துக்குள் இவ்வளவு ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவர் நினைத்ததே இல்லை. அங்கே உயிர் இருக்கும் என்றே நினைத்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டாக்டரம்மா ஓரக்கண்ணால் பார்த்தார். "தண்ணி வேணுமா?"

"வேண்டாம்." கருவியைக் காட்டினார். "நாங்களும் இதைத்தான் பண்ணுவோம். பழைய சுவத்துல புதுப்பூச்சு பிடிக்கணும்னா சும்மா மேல அப்பக் கூடாது. உளியால நெருக்கமாக் கொத்தி விடணும்."

"அதேதான்னு வெச்சுக்குங்களேன்."

"அப்ப நீங்க எப்போ பூசுவீங்க?"

"எதை?"

"கொத்தியாச்சு. பூச்சு?"

டாக்டரம்மா கருவியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முகமூடிக்கு மேலே கண் சிரித்தது.

"நான் பூசறதில்லைங்க. எனக்குப் பூசத் தெரியாது. யாருக்குமே தெரியாது."

"அப்ப யாரு பூசறது?"

கையுறை போட்ட விரலால் அவர் கட்டிலில் படுத்திருந்தவளின் தோளைத் தொட்டார். "இவங்கதான்."

கொத்தனாருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா ஈரப் பஞ்சால் கழுத்தை ஒற்றிக்கொண்டே சொன்னார். "இங்க ஆயிரம் ஓட்டை விழுந்திருக்கு, ஓடி வாங்கன்னு இவங்க உடம்புக்குச் சேதி போயிருக்கு. ரத்தம் வந்தாச்சு. பின்னாலேயே வேலைக்காரங்க வருவாங்க. உள்ள புது நார் நெய்வாங்க. மொதல்ல வெந்தப்ப, உசிரைக் காப்பாத்தணும், அடைச்சாப் போதும்னு அவசரத்துல நடந்த வேலை இந்தத் தழும்பு. அதான் இப்படி முறுக்கிக்கிட்டு நிக்குது. இப்ப அவசரம் கிடையாது. நிதானமாச் செய்யும். மூணு மாசம், ஆறு மாசம்கூட உள்ள வேலை ஓடிக்கிட்டே இருக்கும்."

"ஓடறது இவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சாப்பிடறப்ப ஓடும், தூங்கறப்ப ஓடும், உங்ககூடச் சண்டை போடறப்பவும் ஓடும்."

"அப்படின்னா சீக்கிரம் முடிஞ்சிரும்," என்றாள் படுத்திருந்தவள், வாயை அதிகம் அசைக்காமல்.

அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் கொத்தனார் தெருவோரச் சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அக்காவிடம் சொன்னார். "முப்பது வருஷமாக் கொத்தறேன்க்கா. எத்தனை சுவர்! ஒரு சுவராவது, நீ போய்யா, நான் பாத்துக்கறேன்னு தானே பூசிக்கிட்டது உண்டா?"

"உனக்குக் கூலி குடுக்கறது அதுக்குத்தானடா," என்றாள் அக்கா. ஆனால் அவளும் சாயங்காலம் முழுக்கத் தன் கையில் பழைய கத்திக் காயம் ஆறிய இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் கழுத்து வெயிலில் காய்ந்த மாதிரிச் சிவந்திருந்தது. பிறகு செதில் செதிலாக உரிந்தது. வெயில் படக் கூடாது, சொறியக் கூடாது, கண்டதைப் பூசக் கூடாது. கொத்தனார் வேலை விட்டு வந்ததும் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு, அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பார்ப்பார். தொடமாட்டார். பார்ப்பது மட்டும்தான். தண்ணீர் விட்டு ஆறப்போட்ட பூச்சைப் பார்க்கிற அதே பார்வை. வேலையிடத்தில் சுவரைக் கொத்தும்போது நடுவில் உளியை நிறுத்திவிட்டு, விழுந்த குழியையே பார்த்துக்கொண்டு நிற்பார். கலவை கொண்டுவருகிற சித்தாள் கேட்டாள். "என்ன கொத்தனாரே, உள்ள புதையலா?" "ஒண்ணும் வரலை," என்றார் அவர். "அதான் பாக்கறேன்."

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை ஆயிற்று. தோல் இளகியது நிஜம். நிறம்கூட ஓரளவு ஒத்துவந்தது. ஆனால் கழுத்து திரும்பியது ஒரு விரற்கடைதான். ரோலருக்குத் திரும்ப அவள் சீட்டு கேட்டாள். டாக்டரம்மா தலையைத் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆகலைம்மா. இப்ப எழுதிக் குடுத்து உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார்.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"போதுங்க. நான் இனிமே போகலை. அந்தக் கீழ் ரூம்லயே கெடந்துட்டுப் போறேன். நெட்டைக்குப் புதுசா ஒரு ஜோடி போட்டிருக்காங்களாம். சின்னப் பொண்ணு. நல்லா வேகமா இழுக்குதாம்."

"இழுக்கட்டும்."

"மூணு தடவை குத்தியாச்சு. ஆறு மாசம் ஆச்சு. இதுக்கு மேல என்ன ஆயிடப் போவுது?"

"உள்ள வேலை ஓடிக்கிட்டிருக்கு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓடுது." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வேண்டாம் என்று தட்டிலிருந்து எழுந்த அதே மனுஷன்தான். "எடுத்தெறிஞ்சு பேசாத. உன் கழுத்து என்ன செஞ்சுக்கிட்டிருக்குன்னு நான் கண்ணால பாத்தேன். நீ படுத்துக் கெடந்த, உனக்குத் தெரியாது. ஆயிரம் எடத்துல ரத்தம் எந்திரிச்சு நின்னுச்சு. அதை நம்பாம நீ யாரை நம்பப்போற?"

அவள் உடம்போடு திரும்பி அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

மறுநாள் காலையிலிருந்து கொத்தனாரே பொறுப்பை எடுத்துக்கொண்டார். தினமும் நீவிவிட வேண்டும், கழுத்தை நீட்டிப் பழக வேண்டும் என்று டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்திருந்தார். அது அதுவரை அலமாரியில்தான் கிடந்தது. அவர் கை முரடு. சிமெண்ட் தின்று வெடித்த விரல். அதனால் முந்தின இரவே களிம்பு தடவித் துணி சுற்றி விரலைப் பதமாக்கிக்கொள்வார். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கால் மணி நேரம் நீவுவார். மூன்று வருடமாக அவர் தொட அஞ்சிய இடம். இப்போது அந்த இடத்தின் மேடு பள்ளம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி ஆயிற்று. "இன்னைக்குத் தாடைக்குக் கீழ விட்டுக் குடுக்குது," என்பார். "இங்க மட்டும் முரண்டு பண்ணுது."

நீவி முடித்ததும் அளவு. அவளை ஒரு சுவரோடு முதுகை ஒட்டி நிற்கவைப்பார். தோள் அசையக் கூடாது. அசைந்தால் அக்கா கத்துவாள், அது அக்காவின் வேலை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு வலப்பக்கம் தலையைத் திருப்பச் சொல்லி, மூக்குக்கு நேராக வலச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். முதல் கோடு ஜன்னல் சட்டத்துக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது. மூன்று வாரம் அதே இடம். கோட்டின் மேலேயே கோடு விழுந்து தடித்துப்போயிற்று. நாலாவது வாரம் ஒரு நூல் நகர்ந்தது.

"என் தோள் அசைஞ்சிருக்கும்," என்றாள் அவள்.

"அசையலை," என்றாள் அக்கா. "நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? என் மேலயே சந்தேகமா?"

நாலாவது தடவை குத்தினார்கள். கோடு ஜன்னல் சட்டத்தைத் தொட்டது. ஐந்தாவது தடவைக்குப் பிறகு ஒருநாள் காலை ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. பென்சிலோடு நின்ற கொத்தனார் கிழித்த கோடு வளைந்துவிட்டது. அவர் கையில் கோடு வளைந்தது அது ஒன்றுதான். அக்கா அந்தச் சுவரைத் துடைக்கக்கூட யாரையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினாள். "இது மார்கழி... இல்லை இல்லை, மழைக்கு முன்னாடி. இது போன மாசம். இங்க பாருங்க, இது நேத்து!"

தழும்பு போகவில்லை. யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் அவள் பேசும்போது அது கூடவே அசைந்தது. தண்ணீர் குடித்தால் ஏறி இறங்கியது. ஒருநாள் அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றவள், "காத்து படுது," என்றாள். "எங்கே?" என்று கேட்ட அக்காவுக்கு இடது கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். முதலில் இருவரும் அதைச் சாதாரணமாகத்தான் பேசினார்கள். பிறகு அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தானும் அந்த ஜன்னலோரம் நின்றாள்.

சீட்டுக்குப் போகவேண்டிய நாள் வியாழக்கிழமை. கொத்தனாரால் கூடப் போக முடியவில்லை. பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. கலவை போட்டாயிற்று, நடுவில் விட முடியாது. மூன்றாவது மாடி உயரத்தில், ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் மழை மறைப்பின் அடிப்பாகத்தைப் பூசிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் கலவை பாதி சுவரிலும் பாதி முகத்திலும் விழும். மனசு வேறெங்கோ இருந்ததால் அன்றைக்கு முகத்தில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

"ஏங்க!"

குரல் கீழிருந்து வந்தது. அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

கட்டடத்தின் நிழலில், மணல் குவியலுக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்புவதற்குத்தான் கோடு போட்டார்களே தவிர, இதை யாரும் அளந்து பார்த்ததில்லை. தாடை முழுசாக உயர்ந்திருந்தது. இடமும் வலமும், தழும்பும் தழும்பில்லாததும், கழுத்து மொத்தமும் அவருக்கு நேராக விரிந்திருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது அது ஒரே கழுத்தாகத்தான் இருந்தது.

"சீட்டு குடுத்துட்டாங்களா?" என்று கேட்க நினைத்தார். அதற்குள் அவளே சொன்னாள்.

"குடுத்தாங்க, கொண்டுபோய்க் காட்டியாச்சு, நெட்டை கட்டிப்பிடிச்சு ஒரு பாட்டம் அழுதாச்சு. திங்கக்கிழமைலேர்ந்து மேல வரச் சொல்லிட்டாங்க!"

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த கலவை விரல்களின் இடையே வழிந்து பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சித்தாள், "கொத்தனாரே, இறுகிப் போவுது," என்றாள். அது அவர் காதில் விழவில்லை. அந்தக் கழுத்துக்குள் இந்த நிமிஷமும், அவளுக்கும் தெரியாமல், யாரோ நெய்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். 

கீழே அவள் பார்வை அவரைத் தாண்டி மேலே போயிற்று. கையை நெற்றிக்குக் கொடுத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க தலைக்கு மேல பாருங்க. அந்த வலது மூலையில ஒரு சாண் விட்டுப்போச்சே!"

அவர் திரும்பி மேலே பார்த்தார். நிஜந்தான். கொத்திவிட்ட செங்கல் பூச்சில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கே தப்பியிருந்தது. கலவைத் தட்டை நெருக்கி வைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தார். எடுத்தவர் மறுபடி குனிந்து பார்த்தார். அவள் இன்னும் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"கழுத்து வலிக்கலையா?"

"வலிக்குது," என்றாள் அவள். "நீங்க பூசுங்க. நான் பாக்கறேன்."